அப்பாவின் வலது கண்

சின்னமனூர்
18.3.2004

அன்பு மகன் பாண்டீஸ்வரனுக்கு அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் விளக்கேற்றுகிறேன். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம், இனிப் பயப்படும்படி ஒன்றுமில்லை. போன வாரம் நீ ராஜமணி அண்ணன் கடைக்குப் போன் போட்டபோது பின்னால் ஆட்கள் நின்றதால் பாதிதான் சொன்னேன், நீயும் பதறிப்போய், ஆபரேஷனுக்குப் பணம் அனுப்புகிறேன், சென்னைக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அதனால் முழுசாக எழுதுகிறேன், நிதானமாகப் படி.

மாசி பிறந்ததும் நம் வயலில் அறுப்பு. களத்தில் கதிர் அடிக்கும்போது ஒரு நெல் தெறித்து அப்பாவின் வலது கண்ணில் பட்டுவிட்டது, துண்டால் கசக்கிவிட்டு வேலையைப் பார்த்தார். கீழத்தெரு சங்கிலியம்மாள் மகளிர் குழுவில் இருக்கிறாள் அல்லவா, கண் ஆஸ்பத்திரிக்காரர்கள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்து, வயலில் கண்ணில் அடிபட்டவர்களுக்குப் போடச் சும்மாவே களிம்பு கொடுத்திருக்கிறார்கள். அன்று சாயங்காலமே வந்து, "மாமா, மூணு நாளு போட்டாப் போதும், கீறல் ஆறிப்போகும்" என்றாள். அப்பா கேட்கவில்லை. "தூசி விழுந்ததுக்கெல்லாம் மருந்தா தாயி" என்று அனுப்பிவிட்டு நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விட்டுக்கொண்டார். இரண்டு நாள் போனதும் கண் ரத்தமாகச் சிவந்து கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி. வெளிச்சம் தாங்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார், பகலில் அவர் படுத்து நான் பார்த்ததே இல்லை.

தேனிக்குப் போனோம், அங்கிருந்து மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள். ராப்பகலாக மணிக்கொரு தடவை சொட்டு மருந்து. டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசு, கோபப்படவில்லை. "ஐயா, அன்னைக்கே களிம்பு போட்டிருந்தா நீங்க வந்த பஸ் டிக்கெட்டை விடக் கம்மியில முடிஞ்சிருக்கும், இப்ப எத்தனை மருந்து விட்டாலும் தழும்பு நிக்கும்" என்றார். அப்படியே நின்றுவிட்டது. புண் ஆறிவிட்டது, ஆனால் அந்தக் கண்ணில் பனி மூடிய மாதிரித்தான் தெரிகிறது. அதே அறுப்பில் நமக்குக் கூலிக்கு வந்த ஒச்சாண்டிக்கும் வைக்கோல் குத்தியது, அவன் அன்றே சங்கிலியம்மாளிடம் போய்க் களிம்பு போட்டுக்கொண்டு நாலாம் நாள் வேலைக்கு வந்துவிட்டான்.

நீ சொன்ன ஆபரேஷனைப் பற்றி மதுரையிலேயே பேசினார்கள். இறந்தவர்கள் தானம் கொடுத்த கருவிழியை எடுத்து நம் கண்ணில் வைப்பார்களாம், கிடைப்பது கொஞ்சம்தானாம், பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பெயர் கொடுக்கும் இடத்தில் போடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, ஜக்கம்மா என்று பெயர், இரண்டு கண்ணும் தெரியாமல் புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் கைக்குழந்தை, அதன் முகத்தை இன்னும் பார்க்கவில்லையாம். அப்பா வரிசையை விட்டு வந்துவிட்டார். "எனக்கு ஒண்ணு இருக்குல்ல, ரெண்டும் இல்லாதவுக நிக்கிறாக, அவுகளுக்கு வையுங்க" என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நான் சண்டை போட்டேன். உன் பணத்தையும் தொட மாட்டாராம், "என் ஒரு கண்ணுக்கு அம்புட்டுச் செலவு எதுக்கு, அந்தக் காசுல கம்பம் வரைக்கும் அறுக்கப் போறவுக எல்லாத்துக்கும் களிம்பு வாங்கலாம்" என்கிறார். இப்போது அடுத்தவர் அறுப்புக்கெல்லாம் போய் வரப்பில் நிற்கிறார், யாராவது கண்ணைக் கசக்கினால் உடனே சங்கிலியம்மாள் வீட்டுக்கு விரட்டுகிறார்.

சாயங்காலமானால் நல்ல கண்ணைக் கையால் மூடிக்கொண்டு மற்றதால் பார்த்துப் பழகுகிறார். நேற்று என்னைத் தெருவில் கொஞ்ச தூரம் நடந்து வரச் சொன்னார். "சேலை என்ன நெறம்னு தெரியல, நீதான்னு தெரியுது" என்றார். நான் பக்கத்தில் வந்ததும், "பாண்டி பஸ்ஸ விட்டு இறங்கி வந்தா இந்தக் கண்ணாலயே கண்டுபுடிச்சிருவேன், அவன் நடை எனக்குத் தெரியாதா" என்றார். நீ போய் மூன்று வருஷமாகிறது, நடை மாறியிருக்குமோ என்று எனக்குத்தான் பயமாக இருந்தது. பணம் வேண்டாம் ராசா, லீவு கேள். வரும் தேதியை எனக்கு மட்டும் சொல், அவரிடம் சொல்லாமல் வாசலில் உட்கார வைக்கிறேன்.

அங்கே வேலையில் இரும்பு அறுக்கும்போது கண்ணாடி போடாமல் நிற்காதே, கண்ணில் ஏதாவது பட்டால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டு. நம் கௌமாரியம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள்.

உன் வரவுக்காகக் காத்திருக்கும் அம்மா,
சந்தனம்மாள்