மான் பார்க்கப் போனது

22 பிப்ரவரி 1976, ஞாயிறு

மான் பார்க்கப் போவதற்கு அத்தை பட்டுப்புடவை கட்டியிருந்தாள். காலையில் அதைத்தான் முதலில் கவனித்தேன். ஏனென்று கேட்கவில்லை.

சிங்கப்பெருமாள் கோயிலில் ரயிலேறி கிண்டி மான் பூங்காவுக்குப் போனோம். அங்கே மரத்தடியில் அத்தைக்குத் தெரிந்த ஒரு அம்மாளும் அவளுடைய இரண்டு மகன்களும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. கம்பிவேலி ஓரமாகப் போய் நின்று மான்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாள் பின்னாலேயே வந்து, "அந்த போர்டுல இன்னா எழுதிகீது, படி கண்ணு" என்றாள். பாவம், படிக்கத் தெரியாது போல என்று நினைத்து, "மான்களைத் துன்புறுத்தாதீர்கள்" என்று சத்தமாகவே படித்தேன்.

அவள் அத்தையைப் பார்த்துச் சிரித்தாள். "ஊமையோன்னு பயந்துட்டேன். பேச்சும் வருது, கண்ணும் நல்லா கீது. எங்களுக்கு சம்மதம்."

அப்போதுதான் புரிந்தது. வீட்டுக்கு வந்து பெண் பார்த்துவிட்டு வேண்டாமென்றால் தெருவே பேசும். அதனால்தான் என்னை இங்கே கூட்டி வந்திருக்கிறார்கள்.

திரும்பும்போது ரயிலில் அத்தை கேட்டாள். "இன்னாடி, பையனப் புடிச்சிகீதா?"

இரண்டு பேரில் எவன் என்றே எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

"போர்டு படிக்க மட்டும் வாய் வந்துச்சே, சொல்லேன்டி."

சரியென்று தலையை ஆட்டினேன்.