குளத்துப் பக்கத்து வாசல்

நஜஃப்கட் தாண்டி,
8-2-1981

அன்புள்ள லீலாவுக்கு,

நான் சுகம். கரோல் பாக்கில் குளிர் கொஞ்சம் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். இருமல் இருந்தால் அலட்சியம் செய்யாதே. டாக்டர் பெண்டாட்டி இருமினால் எனக்குத்தான் கெட்ட பெயர்.

ஒரு வேலையாக எழுதுகிறேன். இந்த ஊருக்கு ஆஸ்பத்திரி வரப்போகிறது. செங்கல் சூளைகள் வந்த பிறகு வெளியூர்க் குடும்பங்கள் வந்து குவிகின்றன. நான் வந்த இந்த இரண்டு வருஷத்தில் ஊர் இரு மடங்காகிவிட்டது. சௌபாலை ஒட்டிய தானியக் கிடங்கில்தான் இன்னமும் தங்கி வைத்தியம் பார்க்கிறேன். சௌபால் என்றால் ஊர்ப் பெரியவர்கள் கட்டில் போட்டு ஹூக்கா பிடிக்கும் சாவடி. அதற்கு நேர் எதிரே பிரதான்ஜி, அதாவது பஞ்சாயத்துத் தலைவர், நிலம் கொடுத்திருக்கிறார். கட்டடத்தை ஊர் கட்டினால் நர்ஸும் படுக்கைகளும் தருவதாக மேலிடம் சொல்லியிருக்கிறது. ஹோலி முடிந்ததும் அஸ்திவாரம்.

எனக்குத் தெரிந்த மாதிரி ஒரு படம் கிறுக்கி அனுப்பியிருக்கிறேன். நீதான் முறையாக வரைந்து தர வேண்டும். டாக்டர் குவார்ட்டர்ஸில் இரண்டு அறைகள் போட்டிருக்கிறேன். வடக்கு ஜன்னல் உள்ள அறை உன் டிராயிங் மேஜைக்கு.

ஒரு கவலைதான். பெண்கள் என்னிடம் வருவதே இல்லை. போன வாரம் ஒருத்தியை நிலைமை முற்றிய பிறகு வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். தாய் பிழைத்தாள், குழந்தை போய்விட்டது. புதுக் கட்டடம் வந்தால் எல்லாரும் வருவார்கள் என்கிறார் பிரதான்ஜி.

அன்புடன்,
நல்லசிவம்


கரோல் பாக்,
15-2-1981

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. ஒரே டெல்லியில் இருந்துகொண்டு தபாலில் பேசிக்கொள்ளும் தம்பதி நாம் மட்டும்தான் இருப்போம். தபால்காரர் உங்கள் எழுத்தைப் பார்த்தாலே, "பெஹன்ஜி, டாக்டர் சாப் சிட்டி" என்று, கடிதம் வந்திருப்பதை மாடிக்குக் கேட்கக் கத்துகிறார்.

உங்கள் படத்தை ஆபீசில் பக்கத்து டிராயிங் மேஜை வைத்தி பார்த்துவிட்டார். "என்ன மேடம், ஆத்துக்காரர் ஆஸ்பத்திரியா, மாட்டுத் தொழுவமா?" என்று கேட்டார். அறைகள் எல்லாம் ரயில் பெட்டி மாதிரி வரிசையாக நிற்கின்றன. காற்று எங்கிருந்து வரும், நோயாளியோடு வந்தவர்கள் எங்கே உட்காருவார்கள்? அதையெல்லாம் நான் சரி செய்துவிடுவேன். எனக்குப் புரியாதது வேறு. கட்டடம் புதிதானால் பெண்கள் வந்துவிடுவார்கள் என்று பிரதான்ஜி சொல்கிறார், நீங்களும் தலையாட்டுகிறீர்கள். அந்தப் பெண்களிடம் யாராவது கேட்டீர்களா? கேட்டு எழுதுங்கள். அதற்குப் பிறகுதான் பென்சிலை எடுப்பேன்.

வடக்கு ஜன்னல் அறையை அழித்துவிட்டேன். அந்த ஊருக்குப் போகச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துதான் என்னிடம் சொன்னீர்கள். அப்போது அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவும் கருகிப்போனது. இப்போது என் மேஜைக்கு இடமும் போட்டாகிவிட்டது. நான் வருகிறேன் என்று எப்போது சொன்னேன்? எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, அத்தான்.

புளிக்காய்ச்சல் அனுப்பியிருக்கிறேன். ஈரக் கரண்டி போடாதீர்கள்.

இப்படிக்கு,
லீலாவதி


நஜஃப்கட் தாண்டி,
1-3-1981

அன்புள்ள லீலாவுக்கு,

புளிக்காய்ச்சல் தீர்ந்துவிட்டது. பாதி பள்ளிக்கூட டீச்சரம்மாவுக்குப் போனது. அவரை அழைத்துக்கொண்டுதான் குளத்தங்கரைக்குப் போய்ப் பெண்களிடம் கேட்டேன். குழந்தையைப் பறிகொடுத்த அந்தப் பெண்தான் முதலில் பேசினாள். சந்தோ என்று பெயர். முக்காட்டுக்குள்ளிருந்து அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "டாக்டர் சாப், மாமனாரும் பெரியவங்களும் உட்கார்ந்திருக்கிற சௌபால் முன்னாடி நாங்க எப்படி நடக்கிறது? அந்தப் பக்கம் நாங்க போறதே இல்ல. வலி வந்தும் பொறுத்துக்கிட்டு இருந்தேன்." அவர்கள் நடமாட்டமெல்லாம் நம் நிலத்துக்குப் பின்னால் போகும் குளத்து வழியில்தான். இரண்டு வருஷமாக இங்கே குடியிருக்கிறேன், எனக்கு இது தெரியாது.

வாசலைக் குளத்துப் பக்கம் திருப்பலாம் என்றதும் பிரதான்ஜிக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க தாத்தா பேர் போட்ட கேட் சௌபாலைப் பார்த்துத்தான் இருக்கும், இல்லாட்டி நிலமும் இல்ல" என்றார். "வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் வந்து, "அச்சா, கேட் இருக்கட்டும். பின்னாடியும் ஒரு வாசல் வச்சுக்கோங்க" என்றார். அவர் வீட்டில் என்ன நடந்தது என்று நான் விசாரிக்கவில்லை.

ஆகவே பிரசவ அறையும் பெண்கள் உட்காரும் இடமும் குளத்துப் பக்கம் வரட்டும். படத்தில் குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். லீலா, நீ இங்கே வருவாயா? கேட்கிறேன். வர விருப்பமில்லை என்றால் அதையும் எழுது, ஒற்றை அறையாகக் கட்டிக்கொள்கிறேன். உன் மேல் கோபப்பட மாட்டேன். ஆனால் நீ இல்லாமல் தட்டின் முன்னால் உட்காருவது எனக்குப் பழகவே இல்லை.

உன்,
நல்லசிவம்


கரோல் பாக்,
8-3-1981

அன்புள்ள அத்தானுக்கு,

படம் முடிந்துவிட்டது. குளத்துப் பக்கம் வாசலை அகலமாக வைத்திருக்கிறேன், கட்டிலோடு தூக்கி வந்தாலும் நுழையும். சௌபாலிலிருந்து பார்த்தால் தெரியாதபடி ஒரு சுவரும் உண்டு. சந்தோவிடம் காட்டுங்கள். அவள் வேண்டாம் என்று சொன்னால் திரும்ப வரைகிறேன்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஒரு தடவை அழுதேன், அது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். வேலையை விட மாட்டேன். உங்கள் ஊரிலிருந்து காலை முதல் பஸ் பிடித்தால் ஆபீசுக்கு நேரத்தில் வந்துவிடலாம். இதை நான் டிப்போவில் விசாரித்தது போன வருஷம். நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விஷயத்தைக் கேட்டு வைத்தி, "பாகல் ஆயிட்டேளா மேடம், பைத்தியமா உங்களுக்கு, தினம் அவ்வளவு தூரமா?" என்கிறார். பஸ்ஸில் தூங்கிக்கொள்வேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை டேப்போடு வந்து நிலத்தை அளக்கப்போகிறேன். பஸ் நிற்கும் இடத்துக்கு நீங்கள் வர வேண்டாம். பெண்களிடம் வழி கேட்டுக் குளத்துப் பக்கமாகவே வருகிறேன். கிடங்கில் சாப்பாடு தயாராக இருக்கட்டும், அப்பளத்தை நீங்களே பொரியுங்கள்.

குவார்ட்டர்ஸ் இடத்தில் கை வைக்காதீர்கள். வடக்கு ஜன்னலை நான் வந்து போட்டுக்கொள்கிறேன்.

உங்கள்,
லீலா