வாயால் பரிமாறிய கறி

அன்புள்ள சிட்டுவுக்கு,

நானும் நம் மகளும் நலம். அவ்வளவு தூரத்தில் வேலை செய்பவளுக்கு வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

நான் கடையில் திருட்டுத்தனமாகக் கறி தின்பதாக மகள் உன்னிடம் சொல்லியிருக்கிறாள். அவளைத் திட்டாதே. ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டர், "உங்க கிட்னி இருக்கிற லட்சணத்துக்கு இவ்வளவு கறியா?" என்று அவள் முன்னாலேயே கத்திவிட்டார். ஆட்டுக்கறியோ மாட்டுக்கறியோ, எனக்கு வாரத்துக்குத் தீப்பெட்டி அளவு ஒரு துண்டு. அதையும் உப்பில்லாமல் வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டுத்தான் தருகிறாள். முப்பது வருடமாகக் கறி வெட்டுகிறேன். நோய் வந்தபின் கடையில் ஒரு துணுக்கு வாயில் வைத்ததில்லை. உன்மேல் சத்தியம்.

நடந்தது வேறு. டயாலிசிஸ் அறையில் எனக்குப் பக்கத்துக் கட்டில் ஒரு தையல்காரருக்கு. ஊசியில் கோர்த்துவிடலாம், அப்படி மெலிந்திருந்தார். எதைத் தின்றாலும் குமட்டுமாம். ஒரு நாள், "இன்னைக்கு என்ன வெட்டினீங்க?" என்றார். ஆட்டுத்தொடை என்றேன். "எப்படிச் சமைப்பாங்க, கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார். நாலு மணி நேரம் சும்மா கிடக்க வேண்டுமே, சொன்னேன். மிளகு தூக்கலாகப் போட்டு, எலும்போடு வேகவிட்டு, நல்லியை உறிஞ்சுவதுவரை. கண்ணை மூடிக் கேட்டார். தாடை அசைந்தது. நான் முடித்ததும் ஏப்பம் விட்டார். மிளகு வாசனை அடித்தது.

அதன்பின் ஒவ்வொரு முறையும் கேட்டார். ஒரே மாதத்தில் அவர் கன்னத்தில் சதை வைத்தது. அவர் ரத்தம் சுத்தம் என்று நர்சுக்கே ஆச்சரியம். எனக்குத்தான் கால் வீங்கியது; டாக்டர் கத்தியதும் அப்போதுதான்.

சந்தேகம் வந்து வாயை மூடிக்கொண்டேன். கெஞ்சினார், திரும்பிப் படுத்தேன். மூன்று வாரத்தில் பழையபடி வற்றிப்போனார். கடைசி நாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் ஒருத்தர்கிட்டேயிருந்துதான் இந்தப் பசி வந்துச்சு. நீங்க யாரையும் என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டுடாதீங்க" என்றார். அடுத்தமுறை போனபோது அந்தக் கட்டிலில் புது விரிப்பு. சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரோ என்று மனசு அடித்துக்கொள்கிறது.

மூன்று ஞாயிறாக உன்னிடம் போனில், "என்ன சாப்பிட்டே?" என்று கேட்டேன் அல்லவா? பழக்கதோஷத்தில் கேட்டதாகத்தான் நினைத்தேன். விடுதியில் எல்லோரும் சேர்ந்து மாட்டுக்கறி சமைத்ததை நீ சிரித்துச் சிரித்துச் சொன்னாய். போனை வைத்தபோது என் வயிறு நிறைந்திருந்தது. காலையிலிருந்து நான் தின்றது இரண்டு துண்டு ரொட்டி. பல்லிடுக்கில் ஏதோ உறுத்த, குச்சியால் எடுத்துப் பார்த்தேன். கறி நார்.

நேற்று புதுப் பரிசோதனைத் தாள் வந்தது. எல்லாம் இறங்கியிருக்கிறது. டாக்டர் தோளில் தட்டிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்தால் உன் செய்தி: காலையில் முகம் உப்பிக்கிடக்கிறது, கால் செருப்புக்குள் நுழையவில்லை, நின்று வேலை செய்வதால் இருக்கும் என்று.

அதனால் இருக்காது, சிட்டு. இதைப் படித்ததும் ரத்தப் பரிசோதனை செய்துகொள். போனில் சொன்னால் நடுவில் கேட்டுவிடுவேன் என்ற பயத்தில்தான் எழுதுகிறேன். மகளையும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடச் சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்கு என்மேல் கோபமா என்று அழுகிறாள்.

இனியும் நான் உன்னைக் கேட்பேன். பசி அப்படி இருக்கிறது. நயமாகக் கேட்பேன், அழுதும் கேட்பேன். "சாப்பிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல், போதும். என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் சொல்லிவிடாதே.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் கணவன்