பிரியாணிப் பொட்டலத்து மேகம்

இன்று கம்பெனி கேன்டீன் ஹாலில் குடும்ப தின விழாவுக்கு ஒத்திகை. நெடுநாளாக மூலையில் கிடந்த பெரிய விளக்கைப் போட்டார்கள். கண்ணாடியில் படிந்திருந்த தூசி சூட்டில் பொசுங்கி ஒரு வாசனை வந்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு நீ வந்துவிட்டாய். மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. மூக்குக்கு அது தெரியவில்லை.

நாம் ஒரே அசெம்பிளி லைனில் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள். நான் சிவகங்கைப் பக்கம், படப்பையில் ஹாஸ்டல். நீ மணிமங்கலத்துக்காரி, கையில் வேகம், வாயில் அதைவிட வேகம். அந்த வருட விழாவுக்குச் சின்னதாய் ஒரு நாடகம் எழுதி நானே நடிக்கப்போகிறேன் என்றதும், லைட் வேலையை யாரையும் கேட்காமல் நீ எடுத்துக்கொண்டாய். ஹாஸ்டல் மொட்டைமாடியில் ஒரு பெண் சாயங்காலம் அப்பாவிடம் போனில் பேசுகிறாள், அவ்வளவுதான் கதை. "இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம்ப்பா, நான் படிக்கணும்" என்பது கடைசி வசனம். என் அப்பாவிடம் நேரில் சொல்லத் தைரியமில்லாமல் எழுதியது. விழாவுக்கு அவரையும் வரச் சொல்லியிருந்தேன். இது உனக்கு மட்டும்தான் தெரியும்.

மொட்டைமாடி என்றால் வானம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாய். வெள்ளைத் துணியைப் பின்னால் இழுத்துக் கட்டி, மேலே நீலமும் கீழே ஆரஞ்சும் விழும்படி விளக்கு வைத்தாய். மேகத்துக்குத்தான் திண்டாட்டம். பிரியாணி கட்டி வந்த சில்வர் தாளைக் கழுவி, மேக வடிவில் ஓட்டை போட்டு, விளக்கின் முன்னால் பிடித்தாய். துணியில் தெரிந்ததைப் பார்த்து, "இது மேகமா, கல்லுல ஒட்டுன மொத தோசையா?" என்று நான் சிரித்தேன்.

"சிரிக்காதடி. ஓரம் பளிச்சுனு தெரிதுல்ல, அதான் தப்பு. ஓரம் தெரிஞ்சா அது ஓட்டை. மங்குனாதான் மேகம்."

விளக்கின் லென்ஸை முன்னும் பின்னும் தள்ளினாய். ஓரங்கள் கரைந்தன. பிறகு தாளை நகர்த்தத் தொடங்கினாய். லைனில் உன் கைவேகத்துக்கு யாரும் ஈடில்லை. அன்று உன் கை நகர்வதே தெரியவில்லை. துணியில் மட்டும் மேகம் போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு பொறுமையை எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்று வாயைப் பிளந்தேன்.

விழாவன்று கடைசி வசனம் வந்தது. மூன்றாவது வரிசையில் அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. யாரோ இருமினார்கள். பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. அப்போது என்மேல் இருந்த வெளிச்சம் மெல்லக் குறைந்தது. எனக்குப் பின்னால் மேகம் திரண்டு வர, ஹால் முழுக்க அண்ணாந்து பார்த்தது. அப்பாவும் அண்ணாந்தார். அவர் கண் என்மேல் இல்லாத அந்தக் கணத்தில் நான் சொல்லிவிட்டேன்.

ஒத்திகையில் அந்த இடத்தில் மேகமே கிடையாது. ஏன் என்று பிறகு கேட்டேன். "எல்லாரும் உன்னியே பாத்துகினு கீறாங்க. கொஞ்ச நேரம் வேற எங்கனா பாக்கட்டுமேன்னு மேகத்த இஸ்துகினு வந்தேன்," என்று சொல்லிவிட்டு வயரைச் சுற்றப் போய்விட்டாய். எத்தனை பெரிய மனசடி உனக்கு! அந்த நொடியில் அது தோன்ற எப்பேர்ப்பட்ட மூளை வேண்டும்!

படப்பை பஸ் ஸ்டாண்டில் அப்பா ஊர் பஸ்ஸுக்குக் காத்திருந்தார். பஸ் வந்ததும், "அந்த மேகம் நெசமாவே நல்லா இருந்துச்சு," என்றார். படியில் கால் வைத்தவர் திரும்பி, "படிப்பு எத்தன வருசம் ஆத்தா?" என்று கேட்டார்.

தபால்வழிப் படிப்போடு, இப்போது நான் லைன் லீடர். போன வாரம் புதிதாய்ச் சேர்ந்த பெண் ஒருத்தி, வேலையில் தான் எங்கே தவறினாள் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டியிருந்தது. சூப்பர்வைசர் உட்பட அத்தனை கண்ணும் அவள்மேல். வாயைத் திறந்து திறந்து மூடினாள். "சார், போர்டுல தேதி மாத்தலபோல, பாருங்க," என்று நான் சுவரைக் காட்டினேன். எல்லாரும் திரும்பினார்கள்.

தேதி சரியாகத்தான் இருந்தது. அதற்குள் அவள் மூச்சை இழுத்துக்கொண்டு பேசத் தொடங்கியிருந்தாள்.