மதனி துவைத்த பாராசூட்

2 டிசம்பர் 2025, செவ்வாய்

பெட்டி வந்துவிட்டது! கிளினிக்கில் ஒரு பெரியவருக்குத் தோள் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது கூரியர் வந்ததாக வீட்டிலிருந்து போன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வருவதற்குள் அந்தப் பஸ் எத்தனை இடத்தில்தான் நிற்கும்?

என் சொந்த ரிக். முதுகில் மாட்டும் பை, அதற்குள் இரண்டு பாராசூட்: மெயின் ஒன்று, அது காலை வாரினால் ரிசர்வ் ஒன்று. துபாயில் பிசியோ வேலை பார்த்தபோது முப்பத்தெட்டு முறை குதித்தேன். முப்பத்தெட்டும் வாடகை ரிக், எல்லாம் ஆறடி ஆம்பளைக்குத் தைத்தது. நாற்பத்தொன்பது கிலோவில் ஒரு பொம்பளை குதிக்க வருவாள் என்று தைத்தவனுக்குத் தோன்றவே தோன்றாதா? போன பிப்ரவரியில் டெல்லிப் பக்கம் கேம்ப் போனேன். "சின்ன சைஸ் இல்ல மேடம், அடுத்த ஃப்ளைட்ல பாக்கலாம்" என்று சொல்லியே இரண்டு நாள் உட்கார வைத்துவிட்டார்கள். ஜனவரி கேம்ப்புக்கு என் ரிக்கோடு போவேன். யாரிடமும் கெஞ்ச வேண்டாம்.

விற்றது வேல்பாண்டி அண்ணன். துபாயில் கூடக் குதித்தவர், என்னைப் போலவே ஒல்லி, இப்போது சென்னையில். அவர் அம்மாவுக்குத் தளவாய்புரம். "நம்ம பக்கத்துப் பொண்ணுன்னுதான் தாரேன் தங்கச்சி, வேற ஆளுன்னா தரமாட்டேன்" என்றார். இரண்டு வருஷச் சேமிப்பு போயிற்று. போகட்டும்.

7 டிசம்பர், ஞாயிறு

கோயம்புத்தூர் போய் வந்தேன். அருளப்பன் சார், ராணுவத்தில் பாராசூட் மடித்து ரிட்டயர் ஆனவர், ரிசர்வைப் பிரித்துப் பார்த்து மடித்துக் கொடுத்தார். ரிசர்வ் சுத்தமாக இருக்கிறதாம். அதோடு விட்டாரா? "மெயினையும் வச்சிட்டுப் போம்மா, ஒரு வாரத்துல பாத்துத் தாரேன்" என்றார். வேண்டாம் சார், தெரிந்தவரிடம் வாங்கியது என்றேன். "எல்லாரும் தெரிஞ்சவங்ககிட்டதாம்மா வாங்குறாங்க" என்று ஒரு சிரிப்பு.

எனக்குச் சுருக்கென்றது. வேல்பாண்டி அண்ணன் இருநூறு முறை குதித்த பாராசூட் அது. இவர் யார் அவரைச் சந்தேகப்பட? முப்பத்தெட்டு ஜம்ப் என்று சொன்னால் போதும், எல்லாருக்கும் புத்தி சொல்ல வாய் வந்துவிடுகிறது.

9 டிசம்பர்

"இதை வச்சு இங்க எங்கட்டி குதிப்ப, நம்மூரு சஞ்சீவி மலையில இருந்தா?" — கூடப் பிறந்த அன்சார் அண்ணன். சிரிக்கட்டும்.

14 டிசம்பர், ஞாயிறு

ஒரே ஆத்திரம்.

துவைத்துவிட்டாள். மதனி என் பாராசூட்டைத் துவைத்துவிட்டாள்!

நேற்று மாடியில் மடித்துப் பழகிவிட்டு, மெயினைக் கழற்றி அறையில் வைத்திருந்தேன். காலையில் ஒரு பேஷன்ட் வீட்டுக்குப் போய்விட்டு வந்தால், மாடியில் நாலு கொடியிலும் ஆரஞ்சும் வெள்ளையுமாகத் தொங்குகிறது. சுள்ளென்று வெயில். சோப்புத் தூள் வாசனை. கயிறெல்லாம் ஒரே சிக்கு.

"யாரு வேர்வையோ, ஒரே வாடைட்டி. அதான் அலசிப் போட்டேன். எம்புட்டுக் கனம்ங்கிற! மூணு தண்ணி மாத்துனேன்." பெருமையாகச் சொல்கிறாள்.

இந்த வீட்டில் அது ஒரு சட்டம். அண்ணன் கட்பீஸ் கடையிலிருந்து எந்தத் துணி வந்தாலும் நனைக்காமல் தைக்கக் கூடாது. வெளியாள் போட்டது எதுவும் அலசாமல் அலமாரிக்குள் போகக் கூடாது. அண்ணன் மனைவி சப்ரீன் மதனி தளவாய்புரம் கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தே நைட்டி தைப்பவள். அவளுக்கு எல்லாம் துணிதான். அந்தத் துணியின் மேல் காற்றை விடாத பூச்சு இருக்கிறது. சோப்புப் பட்டால் அது போய்விடும். வெயிலில் கிடந்தால் துணியே நைந்துவிடும். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. ஒரே ஒரு வார்த்தை! கேட்டா கொறஞ்சா போயிருவா?

கத்திவிட்டேன். "ஒங்களுக்கு நைட்டியை விட்டா ஒலகத்துல என்ன தெரியும்" என்றும் சொன்னேன். கீழே இறங்கிப் போனாள். போகட்டும்.

16 டிசம்பர்

மதனி சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போகிறாள். அதையும் கோபத்தோடுதான் சாப்பிட்டேன்.

20 டிசம்பர், சனி

மதனி தானாக வந்தாள். கையில் பாராசூட்டின் ஒரு மூலை.

"கோவத்தைச் செத்த நேரம் ஓரமா வச்சிட்டு இதைப் பாருட்டி."

ஆரஞ்சுத் துணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம் மட்டும் வெளிறியிருந்தது. துவைத்துக் கெடுத்துவிட்டு இப்போது சாக்குச் சொல்ல வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அப்படியே முகத்துக்கு நேரே சொன்னேன்.

"நான் கெடுத்ததுன்னா துணி பூராவும்லா வெளுத்திருக்கணும்? வெள்ளத் துணிய ஒட்டுப் போட்டு, மேல மார்க்கர் பேனாவால தேச்சிருக்கான். அலசுனதும் சாயம் போயிருச்சு. நூலைப் பாரு. மத்த எடமெல்லாம் கெட்டி நைலான் நூலு. இங்க மட்டும் நான் நைட்டிக்குப் போடுற நூலு."

நகத்தால் ஒரு தையலைக் கிளப்பி இழுத்தாள். பட்டென்று அறுந்தது. பக்கத்தில், பழைய தையலை இழுத்தாள். அவள் விரல்தான் சிவந்தது.

ஒட்டு இருப்பது கயிறு சேரும் இடத்தில். நான் தொங்க வேண்டிய கயிறு.

21 டிசம்பர், ஞாயிறு

வீடியோ காலில் அருளப்பன் சாருக்குக் காட்டினேன். போனைக் கிட்டக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். "முன்னாடியே கிழிஞ்ச இடம்மா. ஒருநாள் படார்னு விரிஞ்சா இந்தத் தையல் நிக்காது. கிழிசல் மேல ஓடிரும்."

"ரிசர்வ் இருக்கே சார்?"

"இருக்கு. அதை இழுக்க உனக்கு உசரம் இருக்கணும், நெனவும் இருக்கணும்."

அன்றைக்கே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. சொல்லித் திட்டியிருந்தால் தேவலை.

22 டிசம்பர்

வேல்பாண்டிக்குப் போன் போட்டேன்.

"பாராசூட்டை எவளாவது துவைப்பாளா? ஒங்க வீட்டுல கெடுத்துட்டு என் தலையில கட்டப் பாக்கியா?"

அப்படியானால் அந்த ஒட்டு?

"சின்னக் கிழிசல். தச்ச பொறவும் பத்து தடவை குதிச்சேன். செத்தா போயிட்டேன்?"

செத்தா போயிட்டேனாம்! எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறான். தைத்தது கூடப் பரவாயில்லை, எதற்குடா மார்க்கர் போட்டாய்? தெரியக் கூடாது என்றுதானே? பேனாவை எடுத்து, உட்கார்ந்து, ஓரம் தெரியாமல் பொறுமையாகத் தேய்த்திருக்கிறான். பெட்டியில் வைத்து தங்கச்சிக்கு அனுப்பியிருக்கிறான்.

எனக்கு என் மேலேயும்தான் கோவம் வருது. கண்டவர் கையைப் பிடிச்சு நடை பழக்குறவ, ஒரு எலும்பை எக்ஸ்ரே பாக்காமத் தொடமாட்டேன். இதை மட்டும் எந்த தைரியத்துல முதுகுல கட்டப் பாத்தேன்? தளவாய்புரம்னு சொன்னா போதுமா?

27 டிசம்பர், சனி

அவனே கூப்பிட்டான். குரலில் தேன். "மெயினை மட்டும் திருப்பி அனுப்பு, அதுக்கு உண்டான பணத்தைத் தந்துர்றேன். வெளியில பேச வேண்டாம். எனக்கும் நஷ்டமில்ல, பெங்களூர்ல ஒரு பிள்ளை கேக்குது. இருபது ஜம்ப்தான் குதிச்சிருக்கு, உன் சைஸு."

போனை வைத்த பிறகுதான் அவன் சொன்னது முழுதாக உறைத்தது.

28 டிசம்பர், ஞாயிறு

உண்மையை எழுதுகிறேன்: அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்தப் பெண்ணைத் தேடிச் சொல்லிவிட்டால் போயிற்று, நம் பணம் நமக்கு. ஆனால் அவள் பேர் தெரியாது. அவளைக் கண்டுபிடித்தாலும், அவளுக்கு அடுத்து ஒருத்தி வருவாள்.

மதனியிடம் சொன்னேன். பெட்டியில் மடித்து வைத்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பிள்ளைக்கு வீட்டுல தொவைக்க ஆள் இருக்கா?" என்று கேட்டாள்.

கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கினேன். ஆரஞ்சுப் பட்டையில் தொடங்கி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நானே வெட்டினேன். நைலான் வழுக்கியது; மதனி இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். வாயில் வந்ததையெல்லாம் எழுதிவிட்டு நம்பரை பிளாக் செய்துவிட்டான். ஒட்டின் படத்தைக் குதிப்பவர்கள் குரூப்பில் போட்டேன், அவன் பேரோடு. எனக்கு இன்னும் ஆறவில்லை.

10 ஜனவரி 2026

அருளப்பன் சார் ஒரு மெயினைச் சோதித்து வாடகைக்கு வாங்கித் தந்தார். என் பையில் சரியாக உட்காருகிறது. நூல் நூலாகப் பார்த்தேன். மதனியும் பார்த்தாள்.

18 ஜனவரி, ஞாயிறு, கேம்ப்

முப்பத்தொன்பதாவது ஜம்ப்.

விரிந்த வேகத்தில் கண் இருட்டிவிட்டது, ரிசர்வை இழுக்கக்கூட நினைவில்லை. இப்படி ஓர் அடி இதுவரை வாங்கியதில்லை. சில நேரம் அப்படித்தான் படாரென்று விரியும், யார் தப்பும் இல்லை என்றார்கள். தோளில் பட்டை பதிந்த இடம் கன்றிப் போயிருக்கிறது. கண் தெளிந்து மேலே பார்த்தேன். ஒரு தையல் விடவில்லை. முழுசாக விரிந்து நின்றது.

இறங்கியதும் மதனிக்குப் போன் போட்டேன்.

"நல்லபடியா எறங்கிட்டியாட்டி?"

"எறங்கிட்டேன் மதனி." அதற்கு மேல் அழுகைதான் வந்தது. "என்னட்டி ஆச்சு? அடி கிடி பட்டுருச்சா? சொல்லுட்டி!" என்று பதறினாள். ஒன்றும் ஆகவில்லை மதனி, எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை கூடிக்கொண்டே போனது.