நின்ற தறிக்கு முதலிடம்

ஜூன் 9, திங்கள்
இன்றும் திட்டு. சேலையில் டிசைன் விழத் தறியில் மாட்டுகிற ஜக்கார்டு அட்டைக்குத் துளை அடிக்கிற கடையில் பெயர் கூப்பிடுவது என் வேலை. யாரைக் கூப்பிடுவது என்று சொல்வது கம்ப்யூட்டர். திட்டு மட்டும் எனக்கு.

அட்டை கிழிந்து பாதிச் சேலையில் யாருடைய தறி நின்றுவிட்டதோ, அவருக்குத்தான் முதலில் அடித்துக் கொடுப்போம். பூங்காவனம் அக்கா ஒன்பது மணிக்கே கிழிந்த அட்டையோடு வந்தார். அவருக்குப் பின்னால் வந்த இரண்டு நின்ற தறிக்காரர்கள் முன்னாலேயே வாங்கிப் போனார்கள்.

"இன்னாடி, தெரிஞ்சவங்கள மட்டும் முன்னாடி கூப்டுறியா? கூப்டுற சத்தமும் கேக்கல!"

அக்கா கத்தக் கத்த அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

ஜூன் 10
முதலாளி சம்பந்தம்: "இன்னொரு வாட்டி புகார் வந்துச்சுன்னா நீ வர வேணாம்."

ஜூன் 11
கண்டுபிடித்துவிட்டேன். புரோகிராம் எழுதியது முதலாளியின் அக்கா மகன் ஹேமநாத். திறந்து பார்த்தேன்; உள்ளே இருப்பது டெக் — இரண்டு முனையிலும் ஆள் சேர்க்கக்கூடிய வரிசை. போனில் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி கற்றபோது நானும் போட்டுப் பார்த்ததுதான். சாதாரண ஆள் பின்முனையில் சேர்கிறார், நின்ற தறி முன்முனையில். கூப்பிடுவதும் முன்முனையிலிருந்து. அப்படியென்றால் இரண்டாவதாக வரும் நின்ற தறி, முதலில் வந்ததற்கும் முன்னால் போய் நிற்கும்! அக்காவைப் பின்னால் தள்ளியது நானா?

ஜூன் 12
ஹேமநாத்திடம் சொன்னேன். நின்ற தறிக்குத் தனியாக ஒரு டெக், அதில் பின்முனையில் சேர்க்கணும், அது காலியான பிறகு மற்றவர்கள் என்று.

"பத்தாவதே தாண்டல, டெக்க பத்தி எனக்கு கிளாஸ் எடுக்குறியா?"

தாண்டலன்னா? மூளையும் ஸ்கூல்லயே வுட்டுட்டு வந்துட்டனா? இதை அங்கே கேட்கவில்லை. இங்கே எழுதிக்கினு இருக்கேன். என்மேலயே எரிச்சல்.

ஜூன் 13
மதியச் சோற்று நேரத்தில், எந்தப் பெயர் எந்த முனையில் சேர்கிறது என்று தாளில் எழுதிப் பார்த்தேன்.

ஜூன் 14
நான்கு நின்ற தறிகள். மறுபடி சண்டை. "பைய எடுத்துக்கினு கெளம்பு" என்றார் முதலாளி.

பையை எடுக்கவில்லை. எல்லோர் முன்பும் மூன்று பெயரை நின்ற தறியாகப் பதிந்தேன்: முதலில் முதலாளி, பிறகு ஹேமநாத், கடைசியில் நான். கூப்பிடும் பட்டனை மூன்று தடவை அழுத்தினேன். முதலில் என் பெயர், அடுத்து ஹேமநாத், கடைசியில் முதலாளி பெயர் வந்தது.

"மொதல்ல வந்தது நீங்க. உங்கள கடைசியா கூப்டுது பாருங்க" என்றேன் முதலாளியிடம்.

பூங்காவனம் அக்கா சிரித்தார். "நீயே கடைசில நின்னு வாங்கிக்க, சம்பந்தம்!" முதலாளி ஹேமநாத் பக்கம் திரும்பி, "மொதல்ல இத சரி பண்ணு" என்றார்.

ஜூன் 16
நான் சொன்னபடியே இரண்டு டெக். "சரி பண்ணிட்டேன் மாமா" என்றார் ஹேமநாத்.

"எப்டின்னு நான்தாங்க சொன்னேன்" என்றேன். முதலாளி நிமிர்ந்து பார்த்தார். ஹேமநாத் ஆமாம் என்று தலையாட்டினார்.

தறி நின்றவர்கள் மூன்று பேர். வந்த வரிசையிலேயே கூப்பிட்டேன். எதிர் டீக்கடையில் இருந்த மூன்றாவது ஆள் கையைத் தூக்கி, "வரேன்மா, கேக்குது!" என்றார்.