எட்டாவது பெயர்

மனோர் பார்க், லண்டன்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள டொலறஸுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். உம்முடைய அக்காவுக்கு உடம்பு இப்போது எப்படி? இதை யார் எழுதித் தந்தது என்று கேட்க வேண்டாம். நான்தான். மூன்று நாளாக எழுதுகிறேன்.

நீர் அவவைப் பார்க்க மன்னாருக்குப் போன மறுகிழமையே கோயில் மண்டபத்து முதியோர் தமிழ் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். உமக்கு ஒளித்தே வைத்திருந்தேன். எழுத்துக் கூட்டத் தொடங்கியதும் வந்தது தலையிடி. வகுப்பை நடத்தும் நிறுவனம், இனிப் பாடமும் வரவுப் பதிவும் இணையத்தளத்தில்தான் என்றது. இந்த வெள்ளிக்கிழமைக்குள் எட்டு மாணவரின் பெயர் அதில் தெரியாவிட்டால் வகுப்பு மூடப்படுமாம்.

எங்களுக்குப் படிப்பிக்கும் பிறேமினி ரீச்சர் இரண்டு கிழமை இருந்து பாடங்களை ஏற்றினார். எங்கள் திரையில் ஒன்றும் தெரியவில்லை. மாணவருக்குத் திறந்துவிட வேறொரு பொத்தான் இருந்ததாம். அதை அழுத்தினால், எங்கள் ஒன்பது பேருக்கும் பட்டியலில் ஒரே ஒரு மாணவர், முதலில் பதிந்த பிலோமினம்மா. கலியாணம், யாத்திரை பஸ் எல்லாவற்றுக்கும் கொடுப்பதுபோல நாங்கள் எல்லோரும் கோயில் அலுவலக மின்னஞ்சலையே கொடுத்திருந்தோம். அது எங்களை ஓராளாக்கிவிட்டது.

"அப்ப நான் மட்டும்தான் படிக்கிறன். நீங்கள் வீட்ட போங்கோ" என்றா பிலோமினம்மா.

ஆளுக்கொரு மின்னஞ்சல் வேண்டுமென்றதும் ஒருவர் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டார். ஏழு பேர் பதிந்தாயிற்று. மிச்சம் நான். நம் வீட்டு மின்னஞ்சல் உம்முடையது, கடவுச்சொல்லும் உம்மிடம். அன்ரியிடம், அதுதான் உம்மிடம், கேளுங்கோவன் என்று ரீச்சர் கெஞ்சினார். "ஏலாது பிள்ளை. அவவுக்கு முதல் என்ர கடிதம் போகவேணும்" என்றேன்.

ஞாயிறு பூசை முடிந்து எனக்கென்று ஒன்று திறக்க இருந்தோம். ரீச்சர் தாளில் எழுதித் தந்த ஆங்கில எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து அழுத்தினேன். கடவுச்சொல்லில் இலக்கம் இல்லை என்றது, குறி இல்லை என்றது. ஐந்து முறை திருப்பி அனுப்பியது. ரீச்சர் மேசையில் தலையை வைத்துவிட்டார். ஆறாவது முறை உள்ளே விட்டது. பெயரை மட்டும் தமிழில் நானே அடித்தேன். எவ்வளவு நீளப் பெயர் வைத்திருக்கிறார்கள் எனக்கு! பட்டியலில் எட்டாவதாக நின்றது. வகுப்பு தப்பியது.

டொலறஸ், நாற்பத்தாறு வருடம் எனக்கு வந்த கடிதமெல்லாம் நீர்தான் வாசித்தீர். துக்கச் செய்திகளைக் குறைத்து வாசித்ததும் எனக்குத் தெரியும். இதற்குப் பதிலைப் போனில் சொல்ல வேண்டாம். பெரிய எழுத்தில் எழுதி அனுப்பும். அக்காவின் நிலையையும், நீர் வரும் நாளையும் ஒன்றும் குறைக்காமல் எழுதும். நானே வாசிப்பேன்.

மடுமாதா உங்கள் இருவரோடும் இருப்பாராக.

உம்முடைய,
செபஸ்தியாம்பிள்ளை